கடன் நிவாரணம் என்றால் கடன் போய்விடுமா?

2022 மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து 9,000 டன் அரிசியோடு ஒரு கப்பல் கொழும்புக்குக் கிளம்பியது. பால் பவுடரும் மருந்தும் அதில் இருந்தன. தமிழ்நாடு அரசு அனுப்பிய முதல் உதவி அது. அதே நாளில் இலங்கை ஒரு கெடுவைத் தவறவிட்டது. 7.8 கோடி டாலர் வட்டியைக் கட்டக் கிடைத்திருந்த 30 நாள் அவகாசம் அன்றோடு முடிந்தது. 1948இல் விடுதலை பெற்ற பிறகு அந்த நாடு கடன் தவறியது அதுவே முதல் முறை.

நோட்டு அடித்துக் கட்டலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். முடியாது. வெளிநாட்டுக் கடனை டாலரில்தான் கட்ட வேண்டும். டாலர் ஏற்றுமதியிலும் சுற்றுலாவிலும் வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணத்திலும்தான் வரும். கொரோனாவில் சுற்றுலா படுத்தது. அதற்கு முன்பே, 2019 இறுதியில், வரிகளைப் பெரிய அளவில் குறைத்து அரசு தன் வருமானத்தையும் இழந்திருந்தது. கையில் டாலர் தீர்ந்ததும் டீசலுக்கும் மருந்துக்கும் வரிசை நின்றது. சுமார் 5,100 கோடி டாலர் வெளிக்கடன் இருந்த நிலையில், 2022 ஏப்ரல் 12 அன்று தவணை கட்டுவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது.

இவ்வளவு கஷ்டப்படும் நாட்டுக்குக் கடனைத் தள்ளுபடி செய்துவிட்டால் என்ன? செய்ததுண்டு. 1996இல் உலக வங்கியும் பன்னாட்டு நாணய நிதியமும் (நெருக்கடியில் உள்ள நாடுகளுக்குக் கடன் தரும் உலக அமைப்பு) கடன் சுமை மிகுந்த ஏழை நாடுகளுக்கென ஒரு திட்டம் தொடங்கின. 37 நாடுகள் அதில் நிவாரணம் பெற்றன. இந்தியாவும் 2003இல் தான்சானியா, கானா, ஜாம்பியா உள்ளிட்ட ஏழு நாடுகளின் பாக்கியைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. ஜாம்பியாவில் பலன் கண்கூடு: 2006இல் கிராமப்புற மருத்துவமனைகளில் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள். ஆனால் பிறகு மறுபடி கடன் ஏறி, 2020இல் அதே நாடு தவணை தவறியது. அதனால் நிவாரணமே வீண் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் காசில்லாமல் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் நிஜம்.

இலங்கைக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 2020இல் ஜி-20 நாடுகள் கொண்டுவந்த கடன் நிவாரண ஏற்பாடு மிக ஏழ்மையான 73 நாடுகளுக்கு மட்டுமானது. நடுத்தர வருமானப் பட்டியலில் இருந்த இலங்கை அதில் சேரவில்லை. அதற்குக் கிடைத்தது கடன் மறுசீரமைப்பு (தவணைக் காலம், வட்டி, சில சமயம் அசலையும் மாற்றிப் புதிதாக ஒப்பந்தம் எழுதுவது).

அது முடிய ஏன் இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆயிற்று? காசிமேட்டில் ஒரு குடும்பம் வங்கியிலும் மகளிர் குழுவிலும் தண்டலிலும் கடன் வாங்கியிருக்கிறது என்று வையுங்கள். வங்கி விட்டுக்கொடுத்தால் மிச்சமாகும் காசு தண்டல்காரருக்குப் போகும். ஆகவே யாரும் முதலில் இறங்கி வரமாட்டார்கள். இலங்கைக்குக் கடன் கொடுத்தவர்களும் அப்படித்தான்: சீனா, ஜப்பான், இந்தியா போன்ற அரசுகள் ஒரு பக்கம், பத்திரம் வாங்கிய தனியார் முதலீட்டாளர்கள் மறுபக்கம். தனிமனிதருக்கும் கம்பெனிக்கும் திவால் சட்டம் உண்டு, கோர்ட் உண்டு. நாட்டுக்கு அப்படி ஒரு கோர்ட் கிடையாது. 2023 ஜனவரியில் இந்தியாதான் முதலில் மறுசீரமைப்புக்கு ஒத்துழைப்பதாக உத்தரவாதம் தந்தது. மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. இந்தியா, ஜப்பான் உள்ளிட்ட அரசுகளின் 580 கோடி டாலர் கடனுக்கு 2024 ஜூனில்தான் ஒப்பந்தமானது. தனியார் பத்திரக்காரர்களோடு கணக்கு முடிந்தபோது 2024 டிசம்பர்.

அப்படியானால் இந்தியா கொடுத்த நம் வரிப்பணம் போச்சா? போகவில்லை. அரசுகளின் கடனில் அசல் குறையவில்லை. 2028 வரை தவணைக்கு ஓய்வும் 2043 வரை கட்ட அவகாசமும் கிடைத்தன. தனியார் பத்திரங்களில்தான் அசலில் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது.

காத்திருந்த காலத்துக்கு விலை கொடுத்தது யார் என்பதுதான் என்னை உறுத்துகிறது. மதிப்புக் கூட்டு வரி (நம் ஜி.எஸ்.டி. போல, வாங்கும் பொருள் மீது விழுவது) 8 சதவீதத்திலிருந்து படிப்படியாக 2024 ஜனவரியில் 18 ஆனது. மின் கட்டணம் பலமடங்கு ஏறியது. தொழிலாளர் சேமநிதி (நம் பி.எஃப். போன்றது) வைத்திருந்த அரசுப் பத்திரங்களுக்குப் பதிலாக, பின்னாளில் 9 சதவீத வட்டிக்கு இறங்கும் பத்திரங்களைக் கொடுத்தார்கள். வங்கிகளை அந்த மாற்றத்திலிருந்து விட்டுவிட்டார்கள். கும்மிடிப்பூண்டி, புழல் இலங்கைத் தமிழர் முகாம்களில் இருக்கும் உங்களில் பலருக்கு அங்கே உறவினர் உண்டு. போனில் கேட்டால் இந்தக் கணக்கை அவர்களே சொல்வார்கள்.

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் இருக்கும் மற்றவர்களுக்கு இதில் என்ன? வேலை இருக்கிறது. டாலர் இல்லாத நாடு முதலில் நிறுத்துவது இறக்குமதியை. இலங்கை 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்குத் தடை நீங்கியது 2025 பிப்ரவரியில். எண்ணூரில் தொடங்கிய அசோக் லேலண்டுக்கு இலங்கை பழைய சந்தை. அங்கே ஆர்டர் நின்றால் இங்கே வாகனம் செய்பவர், உதிரிபாகம் கடைகிற சிறு பட்டறை, துறைமுகத்துக்கு லோடு அடிக்கும் டிரைவர் என்று எல்லோருக்கும் வேலை குறையும்.

உதவியே ஆர்டராகத் திரும்பி வருவதும் உண்டு. 2022 மார்ச்சில் ஸ்டேட் வங்கி மூலம் தரப்பட்ட 100 கோடி டாலர் கடன், இந்தியாவிலிருந்து உணவு, மருந்து போன்ற அத்தியாவசியப் பொருட்களை வாங்குவதற்கென்றே கொடுக்கப்பட்டது. இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கான 500 பேருந்துகளும் இந்திய நிதியுதவியில் போனவை. அதனால் ‘இந்தியா இத்தனை கோடி உதவி’ என்று செய்தி வந்தால், அதில் எவ்வளவு இனாம், எவ்வளவு கடன் என்று பிரித்துப் படியுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைச் சிதைத்தது. அதன் மிச்சம்தான் டிசம்பர் தொடக்கத்தில் எண்ணூரில் கொட்டிய மழை. அதற்காக இந்தியா அறிவித்த 45 கோடி டாலரில் 10 கோடி இனாம். மீதி 35 கோடியும் சலுகை வட்டிக் கடன். அது 2028இல் மீண்டும் தொடங்கும் பழைய தவணைகளுக்கு மேலே சேரும்.