தாகம் அடக்கிய கல்யாணங்கள்

உட்கார்ந்த இடத்திலிருந்து – 9

முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் கொங்குநாட்டு வீடுகளில் பத்திரிகைக்குப் பஞ்சமில்லை. முதுகுத்தண்டு அடிபட்டு சக்கர நாற்காலிக்கு வந்த எங்களுக்கு, மணமக்கள் பெயருக்கு முன்பே கண்ணில் படுவது மண்டபத்தின் பெயர்தான். வாசலில் எத்தனை படி, சாப்பாடு கீழேயா மேலேயா, பாத்ரூம் கதவு எவ்வளவு அகலம் என்பதெல்லாம் கோவையில் பாதி மண்டபங்களுக்கு எனக்கு மனப்பாடம். தெரியாத மண்டபம் என்றால் முந்தின நாள் சாயங்காலமே தண்ணீரைக் குறைத்துவிடுவேன். வாசலில் சந்தனம், கற்கண்டு எல்லாம் எடுத்துக்கொண்டு, ஜூஸ் தட்டு வரும்போது மட்டும், "இப்பத்தானுங்க குடிச்சேன்" என்று ஒரு பொய்.

தண்டுவடம் அடிபட்டவர்களில் பலருக்கு மூத்திரப்பை நிறைவது தெரியாது. தானாகக் காலியாவதும் இல்லை. நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய ட்யூப் விட்டு வெளியேற்ற வேண்டும். அதற்குத் தாழ்ப்பாள் உள்ள கதவு, வெளிச்சம், சோப்பு, தண்ணீர் வேண்டும். மண்டபத்துக் கழிப்பறைக் கதவோ பெரும்பாலும் இரண்டு அடி, மிஞ்சினால் இரண்டரை. என் நாற்காலியின் அகலமே இரண்டு அடியைத் தாண்டும். தண்ணீரைக் குறைத்தால் மூத்திரம் கெட்டிப்பட்டுக் கிருமி சேரும், கல் விழும். கல்யாணச் சாப்பாடு செரிப்பதற்குள் குளிர்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் எங்களில் உண்டு. பெண்கள் பாடு இன்னும் மோசம். ஆண்கள் காலில் ஒரு பையைக் கட்டிக்கொண்டாவது ஒப்பேற்றிவிடுவோம்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு, முதுகெலும்பு முறிந்தவர்களைக் கொன்றது பெரும்பாலும் படுக்கைப்புண்ணும் மூத்திரக் கிருமியும்தான். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் பொறுப்பேற்ற லுட்விக் குட்மன், நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவையுங்கள், மூத்திரப்பையைக் கவனியுங்கள் என்று பிடிவாதம் பிடித்தார். ஆட்கள் பிழைத்தார்கள். பிழைத்தவர்களைக் கொண்டு அதே ஆஸ்பத்திரியில் 1948-இல் அவர் நடத்திய வில்வித்தைப் போட்டிதான் பின்னாளில் பாராலிம்பிக்ஸாக வளர்ந்தது. 2016-இல் ரியோவில் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் உயரம் தாண்டித் தங்கம் வாங்கியபோது நாமெல்லாம் டிவி முன்னால் துள்ளினோம். மெடலை ஞாபகம் வைத்துக்கொண்டோம், மூத்திரப்பையை மறந்துவிட்டோம்.

படி விஷயத்துக்கு வருகிறேன். "அதுக்கென்னங்க, நாலு பசங்க தூக்கிட்டாப் போச்சு" என்பார்கள். நல்ல மனசுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கைப்பிடியை ஒருவன் இழுக்க, முன்சக்கரத்தை இன்னொருவன் தவறான இடத்தில் பிடிக்க, நாற்காலி சாய்ந்தபடி ஏறும்போது, மண்டபமே நாதஸ்வரத்தை விட்டுவிட்டு என்னைப் பார்க்கும். ஒருமுறை வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றினால் கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் காய்ந்திருந்தது. எந்தப் படியில் இடித்ததோ! உணர்ச்சி இல்லாத கால், சொல்லவும் இல்லை.

அன்று மேலே போனதும் ஒரு பெரியம்மா என் மனைவியிடம், "ஏனம்மிணி, மாப்ளைக்குச் சோறு இங்கியே கொண்டாறச் சொல்லட்டுமா?" என்றார். நான் பக்கத்திலேயே இருக்கிறேன். "அவரையே கேளுங்க பெரீம்மா, காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது" என்றாள் அவள். பெரியம்மா பதறிப்போய் இரண்டு ஜாங்கிரி கூடுதலாக வைக்கச் சொன்னார்.

"தன்னம்பிக்கை" என்ற பெயரிலேயே மாத இதழ் கண்ட ஊர் எங்கள் கோயமுத்தூர். மேடையில் ஏற்றி மாலை போட்டு, "இவரைப் பாருங்கள், நமக்கெல்லாம் பாடம்" என்று பேச ஆள் இருக்கிறது. அந்த மேடைக்குச் சாய்தளம் இருக்காது. என்னைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பது பேச்சாளர் கையில் இல்லை. கதவின் அகலத்தில் பெரும்பகுதி இருக்கிறது. தானே உள்ளே போய்த் தானே வெளியே வர முடிந்த நாளில் நான் வேறு ஆள்.

இதைப் புரிந்து வேலை செய்தவர்கள் உண்டு. 1975-இல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். கோவையில் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோயோடு சக்கர நாற்காலியில் இருக்கும் ஸ்வர்ணலதா, 2014-இல் ஸ்வர்கா அறக்கட்டளையைத் தொடங்கியவர். கோவை ரயில் நிலையத்தை நாற்காலியில் வருபவர்கள் புழங்கும்படி மாற்றியதில் அந்த அறக்கட்டளைக்குப் பங்கு உண்டு. என்னைக் கேட்டால், நூறு மேடைப் பேச்சுக்கு அந்த ஒரு வேலை மேல்.

சட்டமும் எங்கள் பக்கம்தான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் புழங்கும் தனியார் கட்டடத்தையும் பொதுக்கட்டடம் என்றே சொல்கிறது. பழைய கட்டடங்களைத் திருத்த அது தந்த ஐந்தாண்டுக் கெடு 2022-இல் முடிந்துவிட்டது. அணுகல் வசதிக்கான விதி வெறும் பரிந்துரையாக இருக்கக்கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கணக்கும் எளிது: ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம். கழிப்பறைக் கதவு மூன்று அடி. கிரானைட்டுக்கும் அலங்கார விளக்குக்கும் ஆகும் செலவில் இதெல்லாம் ஒரு மூலைக்குக் காணாது.

அடுத்த முகூர்த்தத்துக்கு மண்டபம் பேசப் போவீர்கள். ஏசி உண்டா, பந்தியில் எத்தனை பேர் உட்காரலாம், கார் எத்தனை நிறுத்தலாம் என்று கேட்பீர்கள். கூடவே, "நாற்காலியில வர்றவங்களுக்கு பாத்ரூம் இருக்குதுங்களா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் மேனேஜரே முதலாளி காதில் போட்டுவிடுவார்.

(அடுத்த வாரம்: டவுன் பஸ்)