வீடு சீரமைப்பும் தொலைக்காட்சியும்

புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தோர் படும் சங்கடங்களுள் ஒன்று வீட்டுப் பழுது. தளம் ஒழுகும், குழாய் சொட்டும், சுவரில் உப்புப் பூக்கும். வேலையாளை அழைத்தால், அவர் சொல்லும் காரணம் மெய்யா, கேட்கும் கூலி முறையா என்று அறிய வழியிராது. மொழியும் தொழிலும் ஒருங்கே புரியாத அந்நிலையைப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் நன்கு அறிவர். இல்லத்தாரின் பக்கம் நின்று, அவர் கேட்க விரும்பும் கேள்விகளைக் கேட்பதற்கென்றே தொலைக்காட்சியில் ஒரு பணி தோன்றியிருக்கிறது. வீடு சீரமைப்பு நிகழ்ச்சியை நடத்துவதே அப்பணி. அதற்குரிய தகுதி யாது? அதனை அடைந்தோர் எவ்வாறு அடைந்தனர்? சிலருடைய வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

பிரிட்டனில் இத்துறையின் முன்னோடி பாரி பக்நெல். குடும்பத்தாரின் கட்டடத் தொழிலில் பயின்றவர். 1962-ஆம் ஆண்டில், லண்டனின் ஈலிங் பகுதியிலிருந்த பழைய வீடு ஒன்றைப் படிப்படியாகச் சீரமைத்து பி.பி.சி. தொலைக்காட்சியில் காட்டினார். அவருடைய நிகழ்ச்சிகள் நேரடியாக ஒளிபரப்பான நாட்களில் கை தவறியதும் நேயர் கண்முன்னேயே நிகழ்ந்தது. அதனால் அவர் மதிப்புக் குன்றவில்லை. தம்மைப் போன்ற மனிதர் என்றே மக்கள் அவரை நம்பினர்.

அந்நம்பிக்கைக்கு மறுபுறமும் உண்டு. சித்திர வேலைப்பாடு கொண்ட பழைய கதவுகளை ஹார்டுபோர்டு பலகையால் மூடிச் சமதளமாக்கும் முறையை அவர் கற்பித்தார். எண்ணற்ற வீடுகளில் அவ்வாறே செய்தனர். பின்னாளில் பழங்கட்டடங்களின் அருமையை உணர்ந்தோர் அதற்காக அவரைக் குறை கூறினர். திரையில் ஒருவர் சொல்லும் சொல் பிறருடைய சுவரிலும் கதவிலும் சேமிப்பிலும் சென்று பதிகிறது. இப்பணியின் பொறுப்பு இதுவே.

அமெரிக்காவில், பாஸ்டன் நகரப் பொதுத் தொலைக்காட்சி நிலையம் 1979-இல் ‘திஸ் ஓல்ட் ஹவுஸ்’ என்னும் தொடரைத் தொடங்கியது. அதனை உருவாக்கியவர் ரஸ்ஸல் மோராஷ். முதலில் நடத்தியவர் பாப் வீலா. இதழியல் பயின்றவர், பழைய வீடுகளைப் புதுப்பித்தவர். சொல்லும் தொழிலும் அவரிடம் கூடியிருந்தன.

அதே தொடரில் புகழ்பெற்ற தச்சர் நார்ம் ஏப்ரம். மோராஷின் வீட்டுக் கொல்லையில் பட்டறை கட்ட வந்தவர் அவர். வேலை நடந்த இடத்தில் வீணான மரத்துண்டுகள் மிகச் சிறு குவியலாகவே கிடந்தன. அக்குவியலைக் கண்டே மோராஷ் அவர் திறமையை மதித்தார் என்பர். முகப்பொலிவு அன்று, கைத்திறனே அவரைத் திரைக்கு அழைத்துச் சென்றது.

கெவின் ஓகானரின் கதை வேறு. அவர் வங்கி அலுவலர். தச்சரும் அல்லர், கொத்தனாரும் அல்லர். வாங்கிய பழைய வீட்டில் சுவர்த்தாளை உரிக்க இயலாமல், உதவி கோரி அந்நிகழ்ச்சியாருக்கு எழுதினார். உதவ வந்தவர்கள் அவர் பேசும் பாங்கைக் கண்டனர். 2003-இல் அத்தொடரை நடத்தும் பொறுப்பே அவருக்குக் கிட்டியது. அறியாமையை மறைக்காமல் கேள்வி கேட்கத் தெரிவதும் ஒரு தகுதியன்றோ!

ஆகவே இப்பணியை விரும்புவோர் முதலில் ஒரு வீட்டையேனும் தம் கையால் சீர்செய்து பழக வேண்டும். பின்னர், ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு கைப்பேசியிலேயே படமெடுத்துப் பார்க்கலாம். கை மறைக்காதபடி கருவியைப் பிடிப்பதும், செய்துகொண்டே பேசுவதும் எளிதல்ல. பூச்சுக் காயும்வரை படக்கருவி காத்திராது. ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய மாதிரியை முன்னரே ஆயத்தம் செய்ய வேண்டும். பல மாத வேலை சில மணி நேரப் படமாகச் சுருங்கும்போது, செலவையும் காலத்தையும் மறைக்காமல் சொல்வதும் கடமை.

இறுதியாக ஒன்று. பாப் வீலா வணிக நிறுவனம் ஒன்றின் விளம்பரங்களில் தோன்றியதால், நிகழ்ச்சிக்குப் பொருளுதவி செய்தோருடன் பிணக்கு எழுந்து, 1989-இல் அத்தொடரை விட்டு நீங்கினார். பின்னர் வேறு நிகழ்ச்சிகளில் புகழுடன் விளங்கினார் என்பதும் உண்மை. ஆயினும், புகழ் வந்தபின் விளம்பரமும் தேடி வரும். அப்பொழுது தாம் யார் பக்கம் நிற்கிறோம் என்ற கேள்வியும் உடன் வரும். ஒழுகும் தளத்தின்கீழ் பாத்திரம் வைத்துக் காத்திருக்கும் இல்லத்தாரின் பக்கம் என்று தயங்காமல் விடை சொல்லக்கூடியவரே அப்பணிக்கு உரியவர்.