கம்பெனி கைமாறும்போது சர்வீஸ் ரிக்கார்டு

சென்ற மாதம் நம் சங்க நூலகத்தில் உறுப்பினர் ஒருவரின் மகன் ஒரு காகிதத்தை நீட்டினார். அவர் வேலை பார்க்கும் சிறு தொழிற்சாலையை வேறொருவர் வாங்கிவிட்டார். புது நிர்வாகத்தின் பதிவேட்டில் அவர் சேர்ந்த ஆண்டு 2019 என்றிருந்தது. உண்மையில் 2009. "ஒரு எண்தானே மாமா, அப்புறம் திருத்திக்கலாம்னு சொல்றாங்க" என்றார்.

ஒரு எண்தான். ஆனால் கிராஜுவிட்டி, ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம். பத்து ஆண்டு போனால் 150 நாள் ஊதியம் போச்சு. மாத ஊதியம் 26,000 என்றால், அதை 26 நாளால் வகுக்கும் வழக்கப்படி ஒன்றரை லட்சம் ரூபாய்!

கம்பெனி கைமாறுவதில் இரண்டு விதம் உண்டு. பங்குகளை மட்டும் வாங்கினால் முதலாளி என்கிற கம்பெனி மாறுவதில்லை. ரிக்கார்டு இருந்த இடத்திலேயே இருக்கும். தொழிற்சாலையையே பிரித்து விற்றால்தான் ஊழியர் விவரங்கள் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குப் பயணம் செய்கின்றன. வண்டி மாறும் ஜங்ஷனில்தானே பார்சல் தவறும்!

2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியா டாட்டா வசம் போனது. அதை ஒட்டி அதன் ஊழியர்கள், 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இருந்த பிராவிடண்ட் ஃபண்டிலிருந்து பொது பி.எஃப். நிறுவனத்துக்குள் வந்தார்கள். சுமார் 7,450 பேர். ஒவ்வொருவருக்கும் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, வங்கிக் கணக்கு என்று எத்தனை பதிவுகள் சரியாக இருந்திருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. விலை பேச வருகிற நாலு பேருக்கும் சம்பளப் பட்டியலைக் காட்டுகிறார்கள். வாங்குபவருக்கு அந்தக் கட்டத்தில் தேவை எத்தனை பேர், என்ன வயது, எத்தனை வருட சர்வீஸ், என்ன சம்பளம் என்பதுதான். ஆதார் எண்ணும், வங்கிக் கணக்கும், யாருக்குச் சர்க்கரை வியாதி என்பதும் எதற்கு? பெயருக்குப் பதில் வரிசை எண் போட்டுக் கொடுத்தால் போதும். பேரம் படியாமல் போனவர்கள் வாங்கியதைத் திருப்பவோ அழிக்கவோ வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பல இடங்களில் இதைச் செய்வதில்லை என்பதே என் எண்ணம்.

2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். நீதிமன்றமோ தீர்ப்பாயமோ ஒப்புக்கொண்ட இணைப்புகளுக்குப் பல நிபந்தனைகளிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் விவரங்களைப் பத்திரமாகக் காக்கும் கடமைக்கு விலக்கில்லை. அதில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

அரசு ஊழியர்களுக்கு ஆண்டுக்கொரு முறை சர்வீஸ் புத்தகத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று விதி. தனியார் கம்பெனியில் நாமே கேட்டால்தான் உண்டு. பி.எஃப். கணக்கில் சேர்ந்த தேதியைத் திருத்த, பழைய கணக்குகளில் பெரும்பாலும் ஊழியரும் நிர்வாகமும் கூட்டாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். பழைய முதலாளி கடையைக் கட்டிவிட்டால் கையெழுத்துக்கு யாரிடம் போவது? அதனால் விற்பனைப் பேச்சு காதில் விழுந்த உடனேயே நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக் மூன்றையும் நகல் எடுத்துவிடுங்கள்.

அந்தத் தம்பியிடம் 2009 நியமனக் கடிதம் இருந்தது. அவர் அம்மா, கல்யாணப் பத்திரிகைகளோடு டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருந்தாராம். பழைய முதலாளியும் ஊரில்தான் இருக்கிறார். விண்ணப்பத்தில் கையெழுத்தாகிவிட்டது, பதிலுக்குக் காத்திருக்கிறோம்.