நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும்

காவிரிப் பாசன நஞ்சைகளுக்கு மேட்டூர் அணை 1934-ம் வருஷம் முதல் ஆதாரமாக இருந்து வருகிறது. ஜூன் 12-ந் தேதி அணையைத் திறப்பது வழக்கம். ஆயினும் 2022-ல் மே 24-ந் தேதியே திறக்கப்பட்டது; 2024-லோ ஜூலை 28-ந் தேதிதான் திறக்க இயன்றது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பெரிதும் பொய்த்தது. மழையின் காலமும் அளவும் இவ்வாறு நிலை தவறுவதால், கிடைக்கும் ஜலத்தைக் கொண்டே பயிரை முடிக்கும் வகையைச் சிறு நிலக்காரர்கள் கைக்கொள்ள வேண்டியவர்களாகிறார்கள்.

நெல்வயலில் எந்நாளும் தண்ணீர் நிற்க வேண்டுமென்பது பொதுவான எண்ணம். நெல் தேங்கிய நீரைத் தாங்கும். ஆனால் எப்பொழுதும் அதை வேண்டுவதில்லை. களையை அடக்குவதே தேங்கிய நீரின் முக்கியப் பிரயோஜனம். மேலும், நீர் இடைவிடாது நின்றால் மண்ணில் காற்றுப் புகாமல், தழையும் வேரும் அழுகி மீத்தேன் என்னும் வாயு உண்டாகிறது. பூமியின் உஷ்ணத்தை அதிகரிக்கச் செய்யும் வாயுக்களில் இதுவும் ஒன்று. வயலைக் காயவிட்டுப் பாய்ச்சினால் இவ்வாயு ஏறக்குறையப் பாதி குறையும். பாசன நீரில் 100-க்கு 30 பங்கு வரையில் மிச்சப்படலாம்.

செய்முறை

ஓர் அடி நீளமும் சுமார் 4 அங்குலக் குறுக்களவும் உள்ள பிளாஸ்டிக் குழாயோ மூங்கிலோ எடுத்து, கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளையிட்டு, வரப்பருகே அரை அடி ஆழம் புதைத்து, உள்ளேயுள்ள மண்ணை அகற்றிவிட வேண்டும். நட்ட இரண்டு வாரம் வரையில் நீர் நிறுத்தி, பின்பு காயவிடலாம். குழாயினுள் நீர்மட்டம் அரை அடி இறங்கியதும் 2 அங்குல உயரம் பாய்ச்சினால் போதும். பூக்கும் தருணத்திற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் வயல் காயலாகாது. காய்ந்தால் பதர் மிகும். யூரியாவைக் காய்ந்த மண்ணில் தூவி உடனே நீர் பாய்ச்சுவது நலம்.

எச்சரிக்கை

நிலம் சமமாயிராவிடில் மேட்டுப் பயிர் வாடும். களை மிகுந்த வயலில் முதலில் களையெடுத்த பின்பே காயவிட வேண்டும். கடலோர உவர் நிலத்தில் காயவிட்டால் உப்பு மேலேறுமாதலால், அங்கு இம்முறை ஏற்றதன்று.

எல்லாவற்றிலும் முக்கியமானது முறைப்பாசனம். வேண்டிய நாளில் தண்ணீர் வருமென்ற உறுதியில்லாதவர் வயலைக் காயவிடத் துணியார். வாய்க்கால் தலைப்பில் மிச்சமான நீர் கடைமடைக்குப் போய்ச் சேராமல் வடிகாலில் ஓடுமாயின் யாருக்கும் பலனில்லை. ஆகையால் கிராம அதிகாரிகளும் பாசனதாரர்களும் பருவத் தொடக்கத்திலேயே கூடி, மடை வாரியாக நாள் குறித்துக்கொள்வது அவசியம்.

முதல் வருஷம் ஒரு மா நிலத்தில் மட்டும் இதைச் செய்து, அடுத்த வயலின் மகசூலோடு ஒப்பிட்டுப் பார்த்து, திருப்தியானால் மேலும் விஸ்தரிப்பார்களாக.