ஏரி பெரிதா, பங்கு பெரிதா?

பழவேற்காடு ஏரிப் பக்கம், சுண்ணாம்புக்குளத்தில் ஒரு வீட்டுத் திண்ணை. விளக்கு வைக்கும் நேரம். பிள்ளையாண்டான் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"டேய், சோறு ஆறுதுடா!"

"இரும்மா! இன்னும் பத்துப் பேருதான் உசிரோட இருக்காங்க!"

பெற்றவளுக்குத் தூக்கிவாரிப் போடாதா? பயப்படாதீர்கள், எல்லாம் 'பப்ஜி' விளையாட்டு! 100 பேர் ஒரு தீவிலே குதிப்பார்கள். கடைசி வரை பிழைத்திருப்பவருக்கே ஜயம். 2020 செப்டம்பரில் இதன் செல்போன் வடிவத்தை மத்திய சர்க்கார் தடை செய்தது. 2021 ஜூலையில் அது வேறு பெயரில் திரும்பி வந்தது.

இந்த விளையாட்டின் முதல் தீவு 'எராங்கல்'. பக்கத்துக்கு 8 கிலோமீட்டர். ஆக 64 சதுர கிலோமீட்டர். 2018-ல் வந்த 'சான்ஹோக்' பக்கத்துக்கு 4 கிலோமீட்டர்தான். ஆக 16 சதுர கிலோமீட்டர். ஆட்களோ அதே 100! பெரிய தீவிலே ஈ காக்கையைக் கூடக் காணாமல் கொட்டாவி விட்டுக் கொண்டு நடக்கலாம். சின்னத் தீவிலே கால் வைத்ததுமே சண்டை. நேரம் ஆக ஆக எல்லையைச் சுருக்கிக்கொண்டே வருவதால், ஒளிந்து கிடப்பவரும் கடைசியில் எதிரே வந்துதான் தீர வேண்டும்.

ஆனால், பெரிய தீவிலும் 'போச்சின்கி' என்ற ஊரில் மட்டும் கூட்டம் நெரியும். வீடுகள் அதிகம், ஆயுதமும் அதிகம். ஆகவே பரப்பு மட்டும் கணக்கல்ல. நல்ல இடம் எது, அதற்குப் போட்டி எத்தனை பேர் என்பதல்லவா கணக்கு!

இந்தக் கணக்கை ஏரிக்கரை மக்கள் முன்பே போட்டுப் பார்த்துவிட்டார்கள். ஏரி பல நூறு சதுர கிலோமீட்டர். ஆனால் இறால் நன்றாக வாய்க்கும் இடம் கொஞ்சம். எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் அடிதடிதானே? கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் மீனவர்கள் அதற்காக வைத்திருந்த ஏற்பாடுதான் 'பாடு'. இன்றைக்கு நல்ல இடம் உனக்கு, அடுத்த முறை எனக்கு! அந்த முறைக்குள் சேராதவர்களுக்கு மனத்தாங்கல் உண்டு. அதனால் தகராறுகளும் வந்ததுண்டு. முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டாலோ, ஏரியே சுருங்குகிறது, பங்கும் சுருங்குகிறது.

விளையாட்டில் தோற்றவன் மறு ஆட்டம் ஆடலாம். ஏரியை நம்பிய குடும்பத்துக்கு மறு ஆட்டம் ஏது? அங்கே ஒருவர் மட்டும் மிஞ்சுவது வெற்றியல்ல. எல்லா வீட்டிலும் உலை கொதிப்பதே வெற்றி.

அம்மாமார்களே! இனிமேல் பிள்ளையைத் திட்டுமுன், "எந்தத் தீவுடா?" என்று கேளுங்கள். பெரிய தீவு என்றால், சோற்றை மூடி வைத்துவிடுங்கள். அரைமணி நேரம் ஆகும்!