ஆற்றோட்டமும் மீன்பிடி வள்ளமும்

ஆற்றில் மிதக்கும் வள்ளம் ஆற்றோடு செல்லும் என்பது யாவரும் அறிந்ததே. எனினும், அவ்வாறு செல்லும் வள்ளத்தை மீன் பிடிப்போர் தமக்கு வேண்டிய வேகத்தில், வேண்டிய வழியிற் செலுத்துவது எங்ஙனம் என்னும் வினா எளிதன்று. இயக்கவியலின் அடிப்படை உண்மைகள் சில அவ்வினாவினுள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றை உணராதார் மீனை இழப்பதோடு அமையாது, சில வேளைகளில் உயிரையும் இழக்க நேரும்.

வேகம் என்பது ஒரு பொருளுக்குத் தனித்து உரியதன்று. பிறிதொன்றைச் சார்ந்தே கூறப்படுவது. காற்றில்லாத நாளிலே துடுப்பின்றி விடப்பட்ட வள்ளமொன்று, கரையில் நிற்போனுக்குச் செக்கனுக்கு 1.5 மீற்றர் செல்வதாகத் தோன்றலாம். அதனைச் சூழ்ந்த நீரைச் சார்ந்து நோக்கின், அது அசையாது நிற்பதே உண்மை. ஆதலின் அதன் சுக்கானும் பயனற்றதாகும். சுக்கானின்மீது நீர் பாய்ந்தாலன்றி அது வள்ளத்தைத் திருப்பமாட்டாது.

இனி, ஆற்றின் வேகம் எங்கும் ஒரு படித்தன்று. அடித்தளத்தோடு உராய்தலால் அடிநீர் மெல்லச் செல்லும். மேற்பரப்பை அண்டிய நீர் விரைந்து செல்லும். மீன்களோ பாறைகளின் பின்னும் பள்ளங்களிலும், ஓட்டம் தணிந்த இடங்களிலே தங்கி, ஓட்டம் கொணரும் இரையை எதிர்நோக்கியிருப்பன. வள்ளம் மேல்நீரின் வேகத்திற் செல்லுமாயின், தூண்டில் அடிநீரினும் விரைவாக இழுக்கப்பட்டு, மீன் கண்டு கொள்ளுமுன் கடந்துவிடும். வள்ளத்தின் வேகத்தைக் குறைத்தல் வேண்டும் என்பதற்கு முதற் காரணம் இதுவே.

நீரோட்டத்தோடு காற்றும் வள்ளத்தைத் தள்ளும். காற்றின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் ஏறக்குறைய எண்ணூற்றிலொரு பங்கு. பாயும் பொருள் தரும் விசை அதன் அடர்த்திக்கும் வேகத்தின் வர்க்கத்துக்கும் ஏற்ப அமைவது. ஆகவே, நீருக்கு மேலும் கீழும் சம பரப்புடைய வள்ளத்தைச் செக்கனுக்கு 10 மீற்றர் வேகமுடைய காற்று, நீரைச் சார்ந்து ஏறத்தாழ 0.35 மீற்றர் வேகத்தில் தள்ளும் எனக் கணிக்கலாம். ஆழங்குறைந்து அமிழும் வள்ளங்கள் இதனினும் மிகுதியாகத் தள்ளப்படும்.

காற்றின் தள்ளுதலைத் தணிக்கத் துணியாற் செய்த கூம்பு வடிவான இழுவைப் பையை நீரிலே விடுவர். இது பற்றிப் பலர் மயங்குவதுண்டு. அப்பை பற்றிக்கொள்வது நீரையேயன்றி நிலத்தை அன்று. பற்றப்படும் நீர் தானே ஓடுவதாதலின், பை காற்றை எதிர்க்க வல்லதேயன்றி ஓட்டத்தை எதிர்க்க வல்லதன்று. ஓட்டத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டின், அசையாத ஆற்றடியைப் பற்றும் சங்கிலியை இழுத்துச் செல்லலாம். அன்றி, நீரை எதிர்த்து வலித்துச் செல்லலாம். சங்கிலி பாறையிடுக்கிற் சிக்குதலும், மீன்கள் முட்டையிடும் பரற்படுகையைக் கலைத்தலும் கூடும். எனவே வலித்தலே சிறந்த முறையாகின்றது.

அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்து மெக்கென்சி ஆற்றின் பெயரால் வழங்கும் மீன்பிடி வள்ளம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அதன் அடி தட்டையாயும் இருமுனையும் மேல்நோக்கி வளைந்தும் உள்ளது. துடுப்பு வலிப்போன் ஓட்டம் செல்லும் திசையை நோக்கி அமர்ந்து, முன்வரும் பாறைகளைக் கண்டவாறே, மேலாற்றை நோக்கி வலிக்கின்றான். ஓட்டம் செக்கனுக்கு 1.5 மீற்றரும் வலித்தல் 1 மீற்றருமாயின், வள்ளம் கரையைச் சார்ந்து 0.5 மீற்றர் வேகத்தில் மெல்ல இறங்கும்.

பாறையொன்று 30 மீற்றர் முன்னே தோன்றுகிறது எனக் கொள்வோம். வள்ளத்தை ஓட்டத்துக்கு 30 பாகை சாய்த்து அதே விசையோடு மேலாற்றை நோக்கி வலிப்பின், பக்கவாட்டு வேகம் 0.5 மீற்றர், இறங்கும் வேகம் 0.63 மீற்றர். பாறையை அடைய ஏறக்குறைய 48 செக்கன் ஆகும். அதற்குள் வள்ளம் 24 மீற்றர் விலகிவிடும். அஞ்சி ஓட்டத்தோடு ஒத்து அதே சாய்விற் கீழ்நோக்கி வலிப்போனுக்கோ, இறங்கும் வேகம் 2.37 மீற்றர் ஆகும். சுமார் 13 செக்கனிற் பாறை வந்துவிடும். அவன் விலகும் தூரம் 6 மீற்றரை அடுத்தது. முயற்சி ஒன்றே, திசை வேறுபட்டமையால் விளைவு வேறுபட்டது.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே செயின்ற் கிளெயர் ஏரியிலிருந்து ஈரி ஏரிக்குப் பாயும் டிற்றோயிற் ஆற்றில், வோல்ஐ என்னும் மீனை இளவேனிலிற் பிடிப்போர் துடுப்புக்கு மாறாக முன்முனையிற் பொருத்திய மின் மோட்டோரைப் பயன்படுத்துவர். அவர்க்குத் தூண்டிற் கயிறே அளவுகோல். கயிறு செங்குத்தாய் நிற்பின் வள்ளமும் தூண்டிலும் ஒத்துச் செல்கின்றன என்க. கயிறு சாயின், அது சாய்ந்த பக்கமாக மோட்டோரைச் சிறிது இயக்கி மீண்டும் நேராக்குவர்.

நிறைவாக நங்கூரம் பற்றி நோக்குவாம். நங்கூரமிட்ட வள்ளத்தின் மேல் ஓட்டம் முழு வேகத்தோடும் மோதும். 4 மீற்றர் நீளமும் கால் மீற்றர் அமிழ்வும் உடைய வள்ளம் குறுக்காக நிற்பின், அமிழ்ந்த பரப்பு ஒரு சதுர மீற்றராகும். ஓட்டம் செக்கனுக்கு 1 மீற்றராயின் அதன் மேல் தாக்கும் விசை ஏறக்குறைய 50 கிலோகிராம் எடைக்கு ஒப்பாகும். ஓட்டம் இரட்டிப்பின் அது நான்கு மடங்காகி 200 கிலோகிராம் எடைக்கு ஒப்பாகும். கயிறு அதனைக் கீழ்நோக்கி இழுக்க, விளிம்பு தாழ்ந்து, நீர் உட்புகுந்து, நொடிப்பொழுதில் வள்ளம் கவிழும். எனவே நங்கூரக் கயிற்றைப் பக்கத்திலேனும், இயந்திரப் பாரத்தால் தாழ்ந்த பின்பக்கத்திலேனும் கட்டலாகாது. ஓட்டத்தை எதிர்கொள்ளும் உயர்ந்த முனையிலேயே கட்டுதல் வேண்டும். மெக்கென்சி வள்ளத்தில் மேலாற்றை நோக்கிய வளைந்த முனையில் நங்கூரம் தொங்குதலும் இவ்விதிக்கு இயைந்ததே. கயிறு நீண்டதாயும், இடுக்கண் நேர்ந்தவிடத்து உடனே அவிழ்த்துவிடத் தக்கதாயும் இருத்தல் அவசியம். கயிற்றின் கடையில் மிதவையொன்று கட்டப்படின், விட்ட நங்கூரத்தைப் பின்னர் மீட்கலாம். போன உயிரை மீட்டல் யார்க்கும் இயலாது.

ஓடும் நீரின் விசையை மனிதன் வெல்ல முற்படின் தோற்பான். அதன் அளவையும் திசையையும் அறிந்து, தன் சிறு விசையைத் தக்க திசையிற் செலுத்துவானாயின், அவ்வாறே அவனுக்குத் துணையாகும்.