பின்னே வரும் தோணி

மலைநாட்டில் வாழ்வோர்க்குப் படகைப் பற்றிய அறிவு எதற்கு என்று கேட்போர் உளர். சபரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில் வாழும் நம்மவர் அவ்வாறு எண்ணிவிடலாகாது.

சிவனொளிபாத மலைச் சாரலிலே பிறக்கும் களு கங்கை, ஏறத்தாழ 129 கிலோ மீற்றர் ஓடிக் களுத்துறையிலே கடலோடு கலக்கின்றது. மலையினின்று விரைந்திறங்கும் அந்நதி, இரத்தினபுரியை அடைந்ததும் தாழ்ந்த நிலத்திலே மெல்ல நகரத் தொடங்குகின்றது. மேலிருந்து வரும் நீரோ மிகுதி. வடிந்து செல்லும் வேகமோ குறைவு. ஆதலின் பெருமழைக் காலத்தில் கரையோரம் யாவும் ஏரியாகிவிடுகின்றது.

நல்ல வீதிகள் இல்லாத முற்காலத்தில், இவ்வாற்றின் வழியே படகுகள் இரத்தினபுரிக்கும் களுத்துறைக்குமிடையே பண்டங்களைச் சுமந்து சென்றன. இக்காலத்திலோ வெள்ளம் வந்தபோதே படகை நினைக்கின்றோம். 2003ஆம் ஆண்டு மே மாதத்திலும், 2017ஆம் ஆண்டு மே மாதத்திலும் ஏற்பட்ட வெள்ளத்தாலும் மண்சரிவாலும், ஒவ்வொரு முறையும் நாடு முழுவதிலும் இருநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நாட்களில் கடற்படையினரும் இராணுவத்தினரும் இயந்திரப் படகுகளிலே சென்று மக்களை மீட்டனர்.

இயந்திரப் படகு ஒன்றே இருந்து, ஏற வேண்டியவர் பலரானால், சிறு தோணியைப் பின்னே கட்டியிழுக்கும் எண்ணம் எவர்க்கும் தோன்றும். எளிதாகத் தோன்றும் இச்செயலிலே பெரும் ஆபத்தும் மறைந்துள்ளது.

முதலாவது, வேகம். நீரைப் பிளந்து செல்லும் தோணிக்கு அதன் நீளத்திற்கேற்ற வேக எல்லை உண்டு. பதினாறு அடித் தோணிக்கு அவ்வெல்லை மணிக்குச் சுமார் 10 கிலோ மீற்றர். அதற்கு மேல் இழுத்தால், தோணி தானெழுப்பிய அலையிலே சிக்கித் தடுமாறும், நீர் உட்புகும். முன்னே செல்பவரின் அவசரத்திற்குப் பின்னே இருப்பவரே பலியாவர்.

இரண்டாவது, கட்டும் இடம். கயிற்றை அணியத்தின் உச்சியிலே கட்டினால் தோணியின் முன்தலை கீழ்நோக்கி இழுபடும். தாழ்வான உறுதியான இடத்திலே கட்டினால் முன்தலை நிமிர்ந்து வரும். தோணியிலுள்ள பாரமும் சற்றுப் பின்புறம் இருத்தல் நன்று. இழுக்கும் படகிலோ, பின்புறத்தின் இரு பக்கங்களிலுமிருந்து கயிறுகளைக் கொணர்ந்து நடுவிலே இணைத்தால் இழுவிசை இருபுறமும் பகிரப்படும்.

மூன்றாவது, கயிறு. தும்புக் கயிறு மிதக்கும். நைலோன் கயிறு நீளும், ஆனால் நீரில் அமிழும். தொய்ந்த கயிறு இயந்திரத்தின் விசிறியிலே சுற்றிக்கொண்டால் இரு படகுகளும் வெள்ளத்தின் வசமாகும். ஆகவே தொய்வு நீங்கும் வரை மெல்ல நகர்ந்து, பின்னரே வேகம் கூட்ட வேண்டும். நிற்கும்போதும் அவ்வாறே, முன்படகு திடீரென நின்றால் பின்தோணி வந்து மோதும். இழுவிசை உள்ளபோதும் உடனே அவிழ்க்கத்தக்க முடிச்சும், கையருகே கூரிய கத்தியும் வேண்டும். இறுகிய கயிற்றின் நேரே எவரும் நிற்றலாகாது. அறுந்தால் அது சவுக்கெனப் பாயும்.

வளைவுகளிலே தோணி வெளிப்புறமாக வீசப்படும். மரங்களும் மதில்களும் மூழ்கிக் கிடக்கும் வெள்ளத்திலே அஃது ஆபத்து. ஒடுங்கிய இடங்களில், பின்னே இழுப்பதைவிடப் பக்கத்திலே அணைத்துக் கட்டிச் செல்வதே மேல்.

எல்லாவற்றிலும் தலையாயது ஒன்றுண்டு: இயன்றவரை மனிதர் பெரிய படகிலேயே ஏற வேண்டும், தோணி பொருட்களைச் சுமக்கட்டும். மக்களை ஏற்றியே ஆக வேண்டுமெனில் ஒவ்வொருவருக்கும் மிதவையங்கி வேண்டும். பின்னே நோக்கியபடி ஒருவர் முன்படகில் அமர்ந்திருக்கவும் வேண்டும்.

மாணவர்களே! கயிற்றின் மறுமுனையிலே ஓர் உயிர் உண்டென்பதை மறவாதவனே நல்ல படகோட்டி. முன்னே செல்லும் எவர்க்கும் அஃது ஏற்ற பாடமன்றோ?